மகள் சொல்லித் தரட்டும், நாம் திருப்பிச் சொல்வோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நலவாழ்வுக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி, வங்கி என்று மாதா மாதம் பேசுகிறோம். இந்த மாதம் நலவாழ்வுக் குழுவுக்கு நேரம் ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். நர்சிங் படிக்கிற நம் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசப் போகிறோம். "எங்க வீட்ல நர்சு படிக்கிற பிள்ளை இல்லையே, எனக்கெதுக்கு இது?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். மாத்திரை அட்டை இல்லாத வீடு நம் ஊரில் ஏது? சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, முழங்கால் வலிக்கு ஒன்று. அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதும் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அந்த மாத்திரைகளைப் பற்றித்தான்.

நம் குழுக்களில் பலர் உள்கடன் வாங்கி, வங்கிக் கடன் வாங்கி, நகையை வைத்துப் பிள்ளைகளை நர்சிங்கில் சேர்த்திருக்கிறோம். டிப்ளமோ என்றால் மூன்று வருடம், பி.எஸ்சி. என்றால் நான்கு வருடம். முடித்த பின் மாநில செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும். நம் மாநில அரசு மருத்துவமனை வேலைக்கு, 2012-ல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. வெளிநாடு போக வேண்டும் என்றால் அந்தந்த நாட்டுக்குத் தனிப் பரீட்சை உண்டு. அமெரிக்காவுக்கு எழுதுவதற்கு 'என்க்ளெக்ஸ்' என்று பெயர். கனடாவிலும் 2015 முதல் பெரும்பாலான மாகாணங்களில் இதுதான் நர்சு உரிமப் பரீட்சை. நம் பிள்ளைகள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான் என்பதால் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பரீட்சை கணினியில் நடக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும். தவறினால் கொஞ்சம் எளிதாக வரும். பிள்ளையின் தரம் இதுதான் என்று கணினிக்கு உறுதியானதும் பரீட்சை நின்றுவிடும். மார்க் என்று எதுவும் தருவதில்லை. பாஸ் அல்லது பெயில், அவ்வளவுதான். 2023 பாடத்திட்டப்படி 100 கேள்வியில் 13 முதல் 19 வரை மருந்து, ஊசி, குளுக்கோஸ் ஏற்றுவது பற்றியவை. நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது என்பது தனிப் பாடமாக மட்டும் வருவதில்லை, எல்லாப் பாடத்திலும் கலந்து வருகிறது.

கேள்வி எப்படி இருக்கும்? "இந்த மாத்திரையின் பெயர் என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். அப்படிக் கேட்பது குறைவு. மாதிரிக்கு ஒன்றை நாமே செய்து பார்ப்போம். பதிலை நீங்களும் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்.

ஒரு கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சாப்பிடும் முறையையும் நர்சு சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண் கீழ்க்கண்டபடி பேசுகிறாள். எந்தப் பேச்சைக் கேட்டால் "இவளுக்கு இன்னும் சொல்லித்தர வேண்டும்" என்று நர்சு முடிவு செய்ய வேண்டும்?

1. "நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ கூட சேர்த்துக்குவேன்."

2. "மலம் கருப்பாப் போனா பயப்பட மாட்டேன்."

3. "மாத்திரையை முழுங்கின கையோட ஒரு காபி குடிச்சிடுவேன். அப்பதான் வாய் நல்லாயிருக்கும்."

4. "கால்சியம் மாத்திரையை இதுகூடப் போடாம வேற நேரத்துல போடுவேன்."

பதில் மூன்றாவது. காபியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளித்தான் குடிக்க வேண்டும். கால்சியமும் அப்படித்தான் தடுக்கும், அதனால் அதற்குத் தனி நேரம். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா எல்லாம் இரும்புச்சத்து சேர உதவும். மலம் கருப்பாகப் போவது இந்த மாத்திரைக்கு வழக்கம்தான்.

இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேர் சரியாகச் சொன்னோம் என்று கை தூக்க வேண்டாம். ஒன்றை மட்டும் யோசிப்போம். கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு ஒன்றாக 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை அரசே இலவசமாகத் தருகிறது. மாத்திரை வந்துவிட்டது, அதைத் தின்னும் முறை வந்ததா? காபியோடு முழுங்கினால் அதில் பாதி பலன் வீண்தானே. அதனால்தான் மருந்து கொடுத்தாயா என்பதோடு பரீட்சை நிற்பதில்லை. கொடுத்த மருந்து பலிக்கிற மாதிரி அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பினாயா என்றும் கேட்கிறது.

இப்போது மருந்துப் பாதுகாப்புக்கு வருவோம். நர்சிங் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே படிப்பது இது: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தோடு, கொடுத்ததும் சரியாகப் பதிவு செய்வதையும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்க எளிது. இரவு ஷிப்டில் ஒரே நர்சு ஒரு வார்டு முழுக்க ஓடும்போதுதான் இதன் கஷ்டம் தெரியும்.

சரியான நோயாளி என்றால், "பத்தாம் நம்பர் பெட்" என்று பார்த்துக் கொடுப்பது தவறு. பெட் மாறும். "லட்சுமியம்மாதானே?" என்று கேட்பதும் தவறு. காது கேட்காத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று அவரையே சொல்ல வைத்து, கையில் கட்டிய பட்டையோடோ கேஸ் ஷீட்டோடோ ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டு அடையாளம் ஒத்துப்போனால்தான் ஊசி. இது தெரியாமல் நாம், "நாலு நாளா இங்கதான இருக்கோம், தினமும் பேரக் கேக்குதே இந்தப் பொண்ணு" என்று சலித்துக்கொள்கிறோம். அவள் பாடத்தில் இருப்பதைச் சரியாகச் செய்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டும்.

சரியான வழி என்றால், நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய நெஞ்சுவலி மாத்திரையை முழுங்கக் கூடாது. மெதுவாகக் கரைவதற்காகச் செய்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். "முழுங்க முடியல" என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரையோ சிரப்போ கேட்க வேண்டும்.

சரியான நேரத்துக்கு தைராய்டு மாத்திரையே சாட்சி. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் பலகாரமும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

அளவுதான் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது. கணக்கு வரும். நாமும் ஒரு கணக்குப் போடுவோம், வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இது பெரிதில்லை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் 150 மில்லி கிராம் பாராசிட்டமால் எழுதுகிறார். கடையில் கிடைத்த பாட்டிலில் 5 மில்லி லிட்டருக்கு 125 மில்லி கிராம் மருந்து இருக்கிறது. அப்படியானால் 6 மில்லி லிட்டர் கொடுக்க வேண்டும். அடுத்த முறை கடைக்காரர் வேறு பாட்டில் தருகிறார். அதில் 5 மில்லி லிட்டருக்கு 250 மில்லி கிராம். இதில் 3 மில்லி லிட்டர்தான் கொடுக்க வேண்டும். "போன தடவை 6 மில்லி கொடுத்தோமே" என்று அதே 6 ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். சின்னக் குழந்தைக்கான சொட்டு மருந்தோ இன்னும் கெட்டி, 1 மில்லி லிட்டரிலேயே 100 மில்லி கிராம் இருக்கும். அளவு மீறிப் போனால் ஈரலைக் கெடுக்கும் மருந்து இது.

குழப்பம் எங்கே வருகிறது பாருங்கள். மில்லி கிராமையும் மில்லி லிட்டரையும் நாம் "மில்லி" என்றே சொல்கிறோம். முதலாவது மருந்தின் எடை, இரண்டாவது ஊற்றுகிற அளவு. சமையல் ஸ்பூனும் வேண்டாம், வீட்டுக்கு வீடு அதன் அளவு மாறும். பாட்டிலோடு வரும் அளவு மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுப்போம்.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மில்லி லிட்டருக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினும் கிடைக்கிறது, அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 20 இல்லை, 50 யூனிட். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. மாற்றி இழுத்தால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? ஊசி போடும் முன்னே இதைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது 100 யூனிட் இன்சுலின். இங்கே 40-ல் பழகிய பிள்ளை அங்கே 100-க்குக் கணக்குப் போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்து படிப்பது நல்லது.

எழுத்திலும் ஆபத்து இருக்கிறது. 5 என்று எழுதினால் போதும். 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியிருந்தால் அது 50 ஆகிவிடும். அரை என்பதை .5 என்று எழுதினால் புள்ளி தெரியாமல் 5 ஆகும், அதனால் முன்னால் சுழியம் போட்டு 0.5 என்று எழுத வேண்டும். ஒரு சின்னப் புள்ளி, பத்து மடங்கு மருந்து. பரீட்சையில் இதையும் கேட்பார்கள்.

சில மருந்துகளைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். நம் ஊரிலும் இருப்பவை இரண்டைச் சொல்கிறோம்.

ஒன்று, மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட். இந்த நோய்களுக்கு அதை வாரத்துக்கு ஒரு முறைதான் போட வேண்டும். தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. "மாத்திரைன்னா தினமும்தானே" என்ற நம் பழக்கமே இங்கே எமனாகிறது. எந்தக் கிழமை என்று முடிவு செய்து, அட்டையிலும் காலண்டரிலும் பெரிதாக எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு, இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்பரின். இதைப் போடுபவர்கள் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது. கீரையை அடியோடு விடத் தேவையில்லை, ஒரு வாரம் தினமும் தின்று மறுவாரம் தொடாமலும் இருக்கக் கூடாது. எப்போதும் ஒரே மாதிரி அளவில் சாப்பிட வேண்டும். இவர்களுக்கு மலம் கருப்பாகப் போனால் அது உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கொஞ்ச நேரம் முன்பு இரும்புச்சத்து மாத்திரைக்குக் கருப்பு மலம் வழக்கம் என்றோம். அடையாளம் ஒன்றுதான், ஒருத்திக்குப் பயமில்லை, இன்னொருத்திக்கு ஆபத்து. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பதில் நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் வாங்கிப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்தது நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது. ஆஸ்பத்திரியில் மருந்தைக் கையில் கொடுத்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, புரிஞ்சுதா?" என்பார்கள். நாம் என்ன சொல்வோம்? "புரிஞ்சுது" என்போம். புரிந்தாலும் புரியாவிட்டாலும் அதே பதில்தான். பின்னால் கூட்டம் நிற்கிறது, திருப்பிக் கேட்டால் திட்டுவார்களோ என்று ஒரு கூச்சம். பரீட்சையில் "புரிந்ததா என்று கேட்பேன்" என்ற விடை பெரும்பாலும் தவறான விடை. "அம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்ல வைப்பதுதான் சரி. ஊசி போடுவது, மூச்சு வாங்குபவருக்கு இன்ஹேலர் இழுப்பது போன்றவற்றைச் சொன்னால் மட்டும் போதாது, செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

சொல்லித் தரும் முன் அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். வலியில் துடிப்பவரிடம் பாடம் நடத்தக் கூடாது. வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் யாரோ அவரையும் கூட உட்கார வைக்க வேண்டும். பயப்படக் கூடாததை முன்கூட்டியே சொல்ல வேண்டும். காசநோய் மருந்தில் ஒன்றான ரிபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதை யாரும் சொல்லாவிட்டால், பார்த்ததும் ரத்தம் என்று பயந்து பாதியில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். சாதாரணமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்தைப் பாதியில் விட்டால் நோய் முற்றும், வீட்டில் மற்றவருக்கும் பரவும். அதைத் தடுப்பது ஒரு வரிப் பேச்சு.

இங்கேதான் சகோதரிகளே, நம் வேலை வருகிறது. பிள்ளை இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் படிக்கிறது. நாம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "நமக்கென்ன தெரியும்" என்று தள்ளிப் படுத்துக்கொள்கிறோம். அப்படிப் படுக்க வேண்டாம். நோயாளியாக உட்காருவோம். நாம் எட்டாவதோ ஐந்தாவதோ படித்திருந்தாலும், படிக்காமலே இருந்தாலும், அதுதான் அவளுக்கு நல்ல பயிற்சி. இங்கிலீஷில் படித்ததை அம்மாவுக்குத் தமிழில் புரிய வைத்துவிட்டால் அந்தப் பாடம் அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்கிறது. புரிய வைக்க முடியவில்லை என்றால் எங்கே தடுக்கிறதோ அங்கே அவள் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

தினமும் ஒரு மருந்து போதும். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஐந்து: இது எதுக்கு? எப்ப, எப்படிப் போடணும்? எதோட சேர்க்கக் கூடாது? என்ன ஆனா பயப்பட வேணாம், என்ன ஆனா உடனே ஓடணும்? ஒரு வேளை மறந்துட்டா என்ன செய்யணும்? அவள் சொன்ன பிறகு நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள், கண்டுபிடிக்கிறாளா என்று. பரீட்சையில் கேட்பதும் அதைத்தானே.

ஒரு மாதிரி பாருங்கள். மகள் நர்சு, அம்மா சர்க்கரை நோயாளி.

"அம்மா, இன்சுலின் போட்ட பிறகு திடீர்னு வேர்த்து, கை நடுங்கி, படபடன்னு வந்தா என்ன செய்வீங்க?"

"கொஞ்சம் படுத்துத் தூங்கிடுவேன்மா."

"தூங்கக் கூடாதும்மா. சர்க்கரை இறங்கியிருக்கும். உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் குடிக்கணும். கால் மணி நேரத்துல சரியாகலன்னா இன்னொரு தடவை. சரியானதும் ஏதாவது சாப்பிடணும்."

"நான் மயங்கிக் கிடந்தா, உங்கப்பா வாயில ஊத்தலாமா?"

"கூடாது. நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது, புரையேறிடும். 108-க்குப் போன் பண்ணணும்."

இந்தப் பத்து வரியில் மகள் ஒரு கேள்விக்குத் தயாராகிவிட்டாள். அம்மாவும் அப்பாவும் ஓர் உயிரைக் காப்பாற்றத் தயாராகிவிட்டார்கள்.

நர்சு, டாக்டர் எழுதியதை அப்படியே கொடுப்பவள் மட்டும் இல்லை, கடைசியாகத் தடுத்து நிறுத்தக் கூடியவளும் அவள்தான். இதய நோய்க்குத் தரும் டிஜாக்சின் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுக்க இதயத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் குறைவாக இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். அளவை அவளாக மாற்றவும் கூடாது, சந்தேகத்தோடு கொடுக்கவும் கூடாது. பெரிய டாக்டரிடம் "சார், இந்த அளவு சரியா, ஒரு தடவை பாருங்க" என்று கேட்கும் தைரியம் அவளுக்கு வேண்டும். அந்தத் தைரியம் வீட்டிலிருந்து வருவது. கேள்வி கேட்டால் "வாயாடி" என்று அடக்கி வளர்த்த பெண் வார்டில் எப்படிக் கேட்பாள்?

நாமும் கேட்கப் பழகுவோம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்தினால் வரும் தீங்கைக் குறைக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 17 அன்று உலக நோயாளி பாதுகாப்பு தினத்தையும் இதற்காகவே நடத்தியது. நோயாளியும் குடும்பமும் கேள்வி கேட்பது மருந்துப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்றே அதில் சொல்கிறார்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோனவர்களில் நம் மகளிர் குழுப் பெண்களும் உண்டு. அவர்களுக்கும் இந்தத் திருப்பிச் சொல்லும் முறை பயன்படும்.

படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. "பணம் கட்டுங்க, பாஸ் கியாரண்டி", "கேள்வித்தாள் எங்ககிட்ட இருக்கு" என்று வருபவர்களை நம்பி நகையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினி தனித்தனியாகக் கேள்வி எடுத்துக் கொடுக்கிற பரீட்சை இது, முன்கூட்டியே கேள்வித்தாள் என்று ஒன்று கிடையாது. என்ன பாடம் வரும் என்ற பாடத்திட்டத்தை நடத்துபவர்களே இலவசமாக வெளியிடுகிறார்கள். முதல் முறை தவறினாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. 45 நாள் கழித்து மறுபடி எழுத வழி இருக்கிறது. பெயிலானால் பிள்ளையைத் திட்டாமல், எந்தப் பகுதியில் பின்தங்கினாள் என்று அவர்கள் தரும் அறிக்கையைப் பார்த்து அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

முடிவாக, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் மூன்று வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

1. நர்சிங் படிக்கும் அல்லது படித்து முடித்த பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைத்து, மாதம் ஒரு மருந்து பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

2. ஒவ்வொரு வீட்டிலும் யார் என்ன மருந்து, என்ன அளவு, எந்த நேரம் சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரே தாளில் எழுதி, ஆஸ்பத்திரி போகும்போது கையோடு கொண்டு போக வேண்டும். நாட்டு மருந்தையும் அதில் மறைக்காமல் எழுத வேண்டும்.

3. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும் முன், "நான் சொல்றேன், சரியான்னு பாருங்கம்மா" என்று நர்சிடம் ஒரு முறை சொல்லிக் காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்து, இன்று வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் கணக்குக் கேட்கிறோம். மருந்துக்கும் கேட்போம்.